குளியலறை அளவைகளும் மானுட மதிப்பும்

1. முன்னுரை

தமிழ் இலக்கணம் வகுத்த பெரியோர் சொல் வழக்கினைப் பகுத்தாராயுங்கால் இடக்கரடக்கல் என்னும் ஒன்றனைத் தகுதி வழக்கினுள் அடக்கினர். அவையில் வெளிப்படக் கூறத் தகாததனை மறைத்துப் பிறிதொரு வாய்பாட்டாற் கூறுதல் அதன் இயல்பாகும். மலங்கழித்து வருதலைக் கால் கழுவி வருதல் என்று குறித்தலை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். தொல்காப்பியனார் இத்தகைய சொற்களை அவையல் கிளவி என்றார். இற்றைத் தமிழிலும் ‘வெளிக்குப் போதல்’, ‘ஒதுங்குதல்’, ‘கொல்லைக்குப் போதல்’ என்பன இவ்வழக்கின் தொடர்ச்சியாக நின்று நிலவுகின்றன.

மறைக்கப்படுவது சொல்லே, பொருளன்று. பொருளையும் மறைத்துவிடின் நேரும் கேடு யாது என்பது இலக்கண ஆசிரியர்க்கு எழுந்த வினாவன்று. ஆயின் அது கட்டடக் கலைஞர்க்கு எழுந்திருக்க வேண்டிய வினாவாகும். வீடு வகுப்போர் கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடம் ஒதுக்கிய பின்னர் எஞ்சிய மூலையினைக் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் கொடுத்தலைப் பல நாடுகளிலும் காண்கின்றோம். உடல் நலமும் இளமையும் உடையார் அம்மூலையில் எவ்வாறேனும் இயங்குவர். முதுமையுற்றோரும் மாற்றுத் திறனாளிகளும் அங்ஙனம் இயங்குதல் அரிது. அவர்க்கு அவ்வறை, வழுக்கி விழும் இடமாகவோ, பிறர் கண்முன் நாணும் இடமாகவோ, நுழையவே இயலாத இடமாகவோ ஆகின்றது.

இவ்வறையினைப் பாதுகாப்பும் மதிப்பும் உடையதாக ஆக்க முயன்றோரின் வரலாற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். கதவின் அகலம், இருக்கையின் உயரம், பிடிகம்பியின் இடம் ஆகிய அளவைகள் நூல்களில் எண்களாகவே நிற்கின்றன. எனினும் ஒவ்வோர் எண்ணின் பின்னும் அளந்தோர் ஒருவரும், அளக்கப்பட்ட உடல் ஒன்றும் உளர் என்பது எம் கருத்து. ஏட்டுச் சுவடிகளிற் காணும் பாடங்களை ஒப்புநோக்கி மூலத்தைத் தேடும் முறையினையே இவ்வெண்களின்பாலும் கையாள முற்படுகின்றோம்.

2. போரும் பிணியும் தோற்றுவித்த தேவை

இரண்டாம் உலகப்போர் 1945-ஆம் ஆண்டில் முடிவுற்றபோது, தண்டுவடம் சிதைந்தும் காலிழந்தும் மீண்ட இளைஞர் பலர் மேனாடுகளில் இருந்தனர். முன்னாளில் அத்தகைய காயமுற்றோர் நெடுநாள் வாழ்தல் அரிது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அறுவை முறைகளும் வளர்ந்தமையால் அவர்கள் உயிர் பிழைத்தனர். கல்வியும் தொழிலும் நாடினர். இதனொடு இளம்பிள்ளைவாத நோயும் சேர்ந்தது. 1952-ஆம் ஆண்டில் மட்டும் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஏறத்தாழ 58,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். 1955-ஆம் ஆண்டில் தடுப்பு மருந்து வந்து நோயின் வேகத்தைத் தணித்தது. ஆயினும் முன்னரே தாக்குண்டோர் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வாழ்நாளைக் கழிக்க வேண்டியவராயினர்.

இல்லினாய்ப் பல்கலைக்கழகம் 1948-ஆம் ஆண்டில் கேல்ஸ்பர்க்கு நகரில் இத்தகைய மாணவர்க்கெனக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதன் தலைவர் திமோத்தி நூஜெண்டு என்பார். அடுத்த ஆண்டே அது அர்பானா-சாம்பேன் வளாகத்திற்கு மாறியது. பிறர் துணையின்றித் தாமே இயங்குதலை அத்திட்டம் பெரிதும் வற்புறுத்திற்று. வகுப்பறைக்குச் சாய்தளம் அமைத்தல் எளிதாயிற்று. கழிப்பறைக்குள் நுழைவது எங்ஙனம் என்பதே அரிய வினாவாய் நின்றது. நாற்காலியைப் படியேற்றித் தர நண்பர் நால்வர் போதுவர். கழிப்பறையில் நண்பர் நால்வரின் உதவியை வேண்டுவார் யார்?

3. முதல் தரநிலையும் அதன் உடலும்

நூஜெண்டின் ஆய்வு 1961-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பெற்றது. ஏ 117.1 என்னும் எண்ணால் வழங்கும் அத்தரநிலை ஆறு பக்க அளவினதே. எனினும் பொதுக் கட்டடங்கள் உடற்குறையுடையார்க்குப் பயன்படுமாறு அமைதற்கு நாடு தழுவிய அளவில் வகுக்கப்பெற்ற முதல் நெறி அதுவேயாகும்.

கழிப்பறையினுள் அமையும் சிற்றறைகளுள் ஒன்றேனும் 3 அடி அகலமும், குறைந்தது 4 அடி 8 அங்குல நீளமும், இயலுமாயின் 5 அடி நீளமும் உடையதாதல் வேண்டும் என்று அது விதித்தது. கதவு 32 அங்குல அகலமுடையதாய் வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும். இரு பக்கத்தும் தரையிலிருந்து 33 அங்குல உயரத்தில் பிடிகம்பிகள் அமைதல் வேண்டும். கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி இருத்தல் வேண்டும். இருக்கையின் உயரம் 20 அங்குலம் ஆதல் வேண்டும்.

இவ்விதிகளுள் சில நுண்ணிய சிந்தனையின் பயன். கதவு உட்புறமாகத் திறப்பின், உள்ளே ஒருவர் விழுந்து கிடக்குங்கால் அவர் உடலே கதவைத் தடுத்துவிடும். உதவ வருவோர் உள்நுழைதல் இயலாது. கம்பிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மிகின் கை வழுக்கி முழங்கை வரை உட்புகுந்து எலும்பு முறியும். குறையின் விரல்கள் கம்பியைச் சுற்றிப் பற்ற மாட்டா. ஒன்றரை அங்குலம் என்னும் அச்சிறிய எண்ணில் ஒரு கையின் பருமன் அடங்கியுள்ளது.

ஆயினும் இவ்வளவைகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். அத்தரநிலையே சக்கர நாற்காலியின் நீளம் 42 அங்குலம் என்று கூறுகின்றது. சிற்றறையின் நீளம் 56 அங்குலம். அதன்கண் இருக்கை 2 அடிக்குக் குறையாத இடத்தைக் கொள்ளும். எஞ்சுவது 32 அங்குலமே. 5 அடி நீளமுடைய சிற்றறையிலும் எஞ்சுவது 36 அங்குலமே. எனவே நாற்காலியுடன் நுழைந்தார் கதவை மூடுதல் இயலாது. எழுந்து நின்று, கம்பியைப் பற்றித் திரும்பி அமர்ந்து, நாற்காலியை மடக்கி ஒதுக்க வல்லார்க்கே அவ்வறை மறைவினைத் தரும். வலிய தோள்களையுடைய இளைஞன் ஒருவனுடைய உடலே அங்கு அளவுகோலாக நின்றது என்பது இதனாற் போதரும். எழுபது ஆண்டு கடந்த மூதாட்டியின் உடல் அவ்வளவையுள் இடம் பெறவில்லை.

மற்றுமொன்று கருதத்தக்கது. அத்தரநிலை பொதுக் கட்டடங்களையே நோக்கியது; மக்கள் வாழும் இல்லங்கள் அதன் எல்லைக்குப் புறம்பாயின. முதியோர் பெரிதும் விழுவது தம் இல்லத்திலேயாம். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 2008-ஆம் ஆண்டில் குளியலறையிற் காயமுற்று மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த பதினைந்து அகவைக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 2,34,000 பேர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு நடுவம் மதிப்பிட்டது. அவருள் 81 விழுக்காட்டினர் விழுந்தமையாற் காயமுற்றவர். அகவை மிக மிகக் காயங்களின் வீதமும் மிகுந்தது. மூன்றில் ஒரு பங்கினும் மிக்க காயங்கள் குளிக்கும்போதோ குளித்து வெளிவரும்போதோ நேர்ந்தன. கழிப்பிருக்கையை ஒட்டிய காயங்கள் மிக்க முதுமை எய்தினாரிடையே மிகுதியாகக் காணப்பட்டன.

4. கோல்டுசுமித்தின் வினா

இனி, இங்கிலாந்தில் நிகழ்ந்த ஆய்வினைக் காண்பாம். செல்வின் கோல்டுசுமித் என்னும் கட்டடக் கலைஞர் 1932-இற் பிறந்தவர். கட்டடக் கலைக் கல்வியை முடித்த காலத்தே, 1956-ஆம் ஆண்டில், இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டார். உடற்குறையுடையார்க்கான கட்டட அமைப்புப் பற்றிய அவரது நூலை அரச பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனம் 1963-இல் வெளியிட்டது. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவராகவே அமைந்தமை இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

முதற்பதிப்பு வெளிவந்த பின்னர் அவர் நாரிச்சு நகரிற் சென்று தங்கிச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் 284 பேரை நேரிற் கண்டு வினவினார். அமெரிக்கத் தரநிலையைப் போன்று ஆடவர் கழிப்பறையில் ஒன்றும் மகளிர் கழிப்பறையில் ஒன்றுமாகச் சிற்றறை அமைத்தல் போதுமா என்னும் வினா அவர் முன் நின்றது. துணையின்றி இயங்க இயலாத மனைவிக்குக் கணவன் உதவ வேண்டின் அவன் மகளிர் கழிப்பறையுள் நுழைதல் யாங்ஙனம்? முதிய தந்தையுடன் செல்லும் மகள் எக்கதவின் முன் நிற்பாள்? இவ்வினாவுக்கு விடையாக, இருபாலார்க்கும் பொதுவாய், வெளியிலிருந்து நேரே நுழையத்தக்க தனியறை வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

இங்கே இருவேறு கொள்கைகள் எதிர்நிற்கின்றன. நூஜெண்டின் வழி, ஒருவர் தாமே இயங்குதலை மதிப்பெனக் கொண்டது. கோல்டுசுமித்தின் வழி, பிறர் துணையைப் பெறுதலும் மதிப்பொடு பெறத்தக்கதே எனக் கொண்டது. முன்னது இளைஞர்க்கு ஊக்கம் அளித்தது. பின்னது முதியோரையும் கடுங்குறையுடையாரையும் நினைவிற் கொண்டது. இரண்டனுள் ஒன்றே உண்மை என்று துணிதல் பொருந்தாது. தனித்தியங்குதலும் துணை பெறுதலும் ஒரே மனிதன் வாழ்நாளின் இரு பருவங்களாகவும் அமைதல் கண்கூடு.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1970-இல் இயற்றிய நெடுநோயாளர், உடற்குறையாளர் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் அமைக்கும் பொதுக் கழிப்பறைகளில் இவர்கட்கும் வசதி செய்தல் வேண்டும் என்றது. ஆயின் இயலும் அளவிலும் தகும் அளவிலும் என்னும் வரம்பினையும் உடன் சேர்த்தது. 1979-இல் வெளிவந்த பிரித்தானியத் தரநிலை 1500 மில்லிமீட்டர் அகலமும் 2000 மில்லிமீட்டர் நீளமும் உடைய அறையை வகுத்தது. 1981-இல், நாடெங்கணும் உள்ள இத்தகைய அறைகளைத் திறக்க ஒரே வகைத் திறவுகோல் வழங்கும் திட்டம் வந்தது. பாழ்படுத்துவோரிடமிருந்து அறையைக் காத்தல் அதன் நோக்கம். எனினும் எல்லார்க்கும் திறந்த கதவு இவர்கட்கு மட்டும் பூட்டிய கதவாயிற்று என்பதும் மறுத்தற்கரியது.

கோல்டுசுமித்து தம் கருத்தைத் தாமே மறுபரிசீலனை செய்த அறிஞர். 1997-இல் வெளியிட்ட நூலில், குறை மனிதனிடத்து மட்டும் உள்ளதன்று, கட்டடமே குறையை உண்டாக்குகின்றது என்னும் கொள்கையை விரித்துரைத்தார். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாயும், கழிப்பறை வாயிலில் வரிசையில் நெடுநேரம் நிற்கும் மகளிரும் கட்டடத்தாற் குறையுற்றோரே என்று காட்டினார். தனிப்பிரிவாரின் தேவையாகத் தொடங்கிய ஆய்வு மக்கள் அனைவர்க்கும் உரியதாக விரிந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

5. கைராவின் ஆய்வும் அனைவர்க்குமான வடிவமைப்பும்

கார்னெல் பல்கலைக்கழகக் கட்டடக் கலைப் பேராசிரியர் அலெக்சாண்டர் கைரா மற்றொரு வழியால் இப்பொருளை அணுகினார். அவர் உடற்குறையினின்று தொடங்கவில்லை. மனித உடலினின்றே தொடங்கினார். பல்லாண்டு ஆய்வின் பயனாக 1966-இல் குளியலறை பற்றிய நூலை வெளியிட்டார். 1976-இல் அதனை விரித்துப் பொதுக் கழிப்பறைகளையும் ஆராய்ந்தார். குழாய் பொருத்துவோரின் வசதியும் ஆலைகளின் வழக்கமும் குளியலறைக் கருவிகளை வகுத்தனவேயன்றி, வளையும் முதுகும் எட்டும் கையும் அவற்றை வகுக்கவில்லை என்பது அவர் முடிபு. இத்துறையிற் சீர்திருத்தம் தாழ்த்தமைக்கு, இதைப்பற்றிப் பேச நாணும் மனப்பான்மையும் ஒரு காரணம் என்று அவர் கண்டார். இடக்கரடக்கல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

மலங்கழித்தற்குக் குந்தியிருத்தலே உடலுக்கு இயைந்தது என்பதும் கைராவின் கருத்துகளுள் ஒன்று. நம் நாட்டு வழக்கிற்கு இது சான்றுபோலத் தோன்றும். ஆயினும் முழங்கால் மூட்டுத் தேய்ந்த முதியோர் குந்தியமர்தலும் அமர்ந்தபின் எழுதலும் இயலாதனவாம். தாழ்ந்த இருக்கை குடலுக்கு நலம். உயர்ந்த இருக்கை மூட்டுக்கு நலம். சக்கர நாற்காலியின் மட்டத்தொடு ஒத்த இருக்கை பக்கவாட்டில் நகர்ந்து சேர்வார்க்கு நலம். எனவே உயரம் என்பது ஒரு தனி எண்ணன்று. யாருக்கு என்னும் வினாவின் விடையாகும்.

இவ்வுண்மை 1980-இல் திருத்தப்பெற்ற அமெரிக்கத் தரநிலையிற் புலப்படுகின்றது. சிராக்கியூசுப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சுடைன்ஃபெல்டு நடத்திய ஆய்வு அத்திருத்தத்திற்கு அடிப்படையாயிற்று. சிற்றறையின் அகலம் 3 அடியிலிருந்து 5 அடியாக விரிந்தது. நாற்காலியைப் பக்கத்தே நிறுத்திச் சேர்தற்கு இடம் உண்டாயிற்று. இருக்கையின் உயரம் 20 அங்குலத்திலிருந்து 17 முதல் 19 அங்குலமாகக் குறைந்தது. இல்லங்களும் தரநிலையின் எல்லைக்குள் வந்தன. முதல் தரநிலைக்கும் இதற்கும் இடையே கழிந்த ஆண்டுகள் பத்தொன்பது.

1988-ஆம் ஆண்டின் அமெரிக்க வீட்டுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. நான்கும் அதற்கு மேலும் குடியிருப்புகளைக் கொண்ட புதுக் கட்டடங்களில், குளியலறைச் சுவரினுள் பிடிகம்பியைத் தாங்கத்தக்க வலுவூட்டலை முன்னரே அமைத்தல் வேண்டும் என்பது அது. கம்பியை இன்றே பொருத்துக என்று சட்டம் கூறவில்லை. அங்கு வாழ்வார் முதுமையுறும் நாளில், சுவரை இடிக்காமலே கம்பியைப் பொருத்த வழிவகுத்தது. இளமையிற் புலப்படாது சுவருள் மறைந்து நிற்கும் அவ்வலிமை, வருங்காலத்தை எண்ணிய வடிவமைப்பிற்குத் தக்க சான்றாகும்.

இக்கருத்தினை முழுமையாக வளர்த்தவர் ரொனால்டு மேசு என்பார். ஒன்பதாம் அகவையில் இளம்பிள்ளைவாதம் உற்ற அவர், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1966-இற் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். மாணவராய் இருந்த நாளில் அவரைப் படியேற்றித் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. கழிப்பறைக்குள் அவரது நாற்காலி நுழையவில்லை. அவர் பங்கு கொண்டு வகுத்த கட்டட விதிகள் 1973-இல் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தன. தனியாகச் செய்யப்படும் வசதிகள் அழகின்றியும், பொருட்செலவு மிக்கும், மருத்துவமனைக் கருவிபோற் பயன்படுத்துவோரைச் சுட்டிக்காட்டியும் நின்றமையை அவர் கண்டார். எல்லார்க்கும் பயன்படும் வடிவத்தைத் தொடக்கத்திலேயே வகுத்தல் வேண்டும் என்னும் கொள்கையை அவர் பரப்பினார். 1997-இல் அவர் குழுவினர் அதன் ஏழு நெறிகளை வகுத்தனர்.

சப்பானிய நாட்டு வரலாறு இதற்கு இயைந்ததோர் எடுத்துக்காட்டு. வெந்நீர் பாய்ச்சிக் கழுவும் இருக்கையினை டோட்டோ நிறுவனம் 1960-களில் அமெரிக்காவினின்று வரவழைத்து, முதன்மையாக மருத்துவமனைகளுக்கே விற்றது. நோயுற்றோர்க்கெனக் கருதப்பட்ட அதனையே திருத்தி 1980-இல் ‘வாஷ்லெட்’ என்னும் பெயரால் அனைவர்க்கும் விற்றது. இன்று அது அந்நாட்டு இல்லங்களிற் பெரும்பாலும் காணப்படும் பொருளாகிவிட்டது. கைநடுங்கும் முதியவர் அதனைப் பயன்படுத்துங்கால் அவரை எவரும் நோயாளராகக் கருதுவதில்லை. ஒரு கருவி பொதுவாகுங்கால் அதன் மேல் இருந்த நாண் நீங்குகின்றது.

எனினும் பொதுமை என்னும் கொள்கைக்கும் எல்லை உண்டு. எழுந்து அமரவே இயலாதார்க்கு அகன்ற சிற்றறையும் பிடிகம்பியும் பயன்படா. வளர்ந்தோராயினும் படுத்த நிலையிலேயே உடை மாற்ற வேண்டியோரைப் பொதுக் கழிப்பறைத் தரையிற் கிடத்தும் நிலை இருந்தது. இதனை மாற்றுதற்கு இங்கிலாந்தில் 2006-இல் ‘சேஞ்சிங் பிளேசஸ்’ என்னும் இயக்கம் தோன்றிற்று. 12 சதுர மீட்டர் பரப்பும், வளர்ந்தோர் படுக்கத்தக்க பலகையும், உடலைத் தூக்கும் பொறியும், உதவுவோர் இருவர்க்கு இடமும் உடைய அறையினை அது வேண்டிற்று. 2021-ஆம் ஆண்டு தொடங்கி இங்கிலாந்தில் எழும் குறிப்பிட்ட பெரிய பொதுக் கட்டடங்களுக்கு இது விதியாயிற்று. கோல்டுசுமித்தின் வினா அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் எழுந்து விடைபெற்றது என்க.

6. இந்திய நாட்டில் வந்தெய்திய எண்கள்

இனி, இவ்வளவைகள் நம் நாட்டிற்கு வந்த வழியை ஆராய்வாம். 1995-ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவில் இத்துறையில் முதன்மையானது. தொடர்வண்டிப் பெட்டிகளிலும் காத்திருக்கும் அறைகளிலும் உள்ள கழிப்பறைகள் சக்கர நாற்காலியில் வருவார்க்குப் பயன்படுமாறு மாற்றப்பெறல் வேண்டும் என்று அது கூறிற்று. ஆயின், பொருளாற்றலின் வரம்புக்குட்பட்டு என்னும் தொடர் அதன்கண் இருந்தமையால் கடமை நெகிழ்ந்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் உரிமையின் மொழியிற் பேசிற்று. பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகள் வெளிவந்த நாளினின்று ஐந்தாண்டுகளுள் மாற்றப்பெறல் வேண்டும் என்றது. 2005-இல் பார்வைக் குறையுடைய ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. தரநெறிகளைப் பரிந்துரை அளவில் நிறுத்திய விதி, சட்டத்தொடு முரண்படும் என்று கூறி, கட்டாயமான விதிகளை மூன்று திங்களுள் வகுக்குமாறு நடுவணரசைப் பணித்தது.

எண்களை நோக்குவோம். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சிறப்புக் கழிப்பறையின் அளவு குறைந்தது 1500-க்கு 1750 மில்லிமீட்டர் என்றும், கதவு 900 மில்லிமீட்டர் அகலமுடையதாய் வெளியே திறத்தல் வேண்டும் என்றும், இருக்கையின் உயரம் 500 மில்லிமீட்டர் என்றும் கூறிற்று. 20 அங்குலம் என்பது 508 மில்லிமீட்டர். 1961-ஆம் ஆண்டின் அமெரிக்க எண்ணே முழுவெண்ணாகச் சுருங்கி நம் தொகுப்பில் நின்றது என்று ஊகித்தல் பொருந்தும். அமெரிக்கர் தம் எண்ணை 1980-இலேயே குறைத்தனர். மூலத்தைத் திருத்தியோர் திருத்திய பின்னும், முந்தைய படியைப் பார்த்து எழுதினோர் பழைய பாடத்தைக் காத்து நின்றமை போன்றது இது.

ஏட்டில் ஒரு பாடம் பிழைப்பின் பொருள் திரியும்; இங்கே அளவு பிழைப்பின் உடல் வருந்தும். அமெரிக்க ஆடவனைவிட உயரத்திற் குறைந்த நம் நாட்டு மூதாட்டி 500 மில்லிமீட்டர் உயர இருக்கையில் அமரின் அவள் அடிகள் தரையிற் படியா. தொடைகளின் கீழ் இருக்கையின் விளிம்பு அழுத்தும்; நிலைகொள்ளாமல் முன்னோக்கிச் சரிய நேரும். பாதுகாப்பிற்கென வகுத்த எண்ணே கேட்டிற்கு ஏதுவாகும். 2011-இல் வெளிவந்த அனைத்துலகத் தரநிலை 400 முதல் 480 மில்லிமீட்டர் என்று கூறியமையும், அதனைத் தழுவிப் பின்னர் நம் நாட்டு நெறிகள் திருந்தியமையும் ஆறுதல் தருவன. ஆயினும் முன்னைய எண்ணால் எழுந்த கட்டடங்கள் எண் மாறியவுடன் மாறிவிடுவன அல்ல.

அளவைகளொடு உடன் வந்த வேறு சில கருத்துகளும் உள. மேனாட்டுத் தரநிலைகள் உலர்ந்த தரையினை முன்னிட்டு எழுந்தவை. நம் இல்லங்களிற் குளித்தலும் கழித்தலும் பெரும்பாலும் ஓரறையிலேயே நிகழ்கின்றன. வாளியும் குவளையும் கொண்டு நீர் முகந்து ஊற்றுகின்றோம். தரை எஞ்ஞான்றும் ஈரமாயிருக்கின்றது. அந்நீர் வெளியே பரவாமற் காக்க வாயிலில் ஒரு சிறு மேடு எழுப்புகின்றோம். நடுங்கும் காலினர்க்கு அம்மேடே முதல் தடை. சக்கர நாற்காலிக்கு அது சுவர். நீரை மேட்டாற் றடுக்காது, தரையின் சரிவாலும் வடிகாலாலும் போக்குதல் இயலும்.

இன்னும் ஒன்று. மேனாட்டார் தாள் கொண்டு துடைப்பர். நாம் நீர் கொண்டு கழுவுகின்றோம். ஒரு கையால் நீரை எடுத்து மறு கையாற் கழுவுங்கால், கம்பியைப் பற்றுதற்குக் கை இல்லை. எனவே நம் நாட்டிற் பிடிகம்பியின் இடத்தைத் துணிவதற்கு முன்னர்க் குழாயின் இடத்தைத் துணிதல் வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தே அமையின் பயனின்று. முதுகுக்கும் பக்கத்துக்கும் தாங்கல் இருப்பின், கை விடுபட்ட அந்நேரத்தும் உடல் நிலைகொள்ளும். இதனை மேனாட்டு எண்களிலிருந்து பெறுதல் இயலாது. நம் உடல்களை நாமே அளந்து பெறல் வேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. முதலாவது, குளியலறை அளவைகள் இயற்கை விதிகள் அல்ல. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட உடல்களை நோக்கி, குறிப்பிட்ட கொள்கையால் எழுந்தவை. இரண்டாவது, அளவையைத் திருத்தியோருள் தலையாயவர் அக்குறையைத் தம் உடலில் உணர்ந்தோரும் உணர்ந்தோரை நேரிற் சென்று வினவியோருமே ஆவர். மூன்றாவது, பாதுகாப்பும் மதிப்பும் ஒன்றல்ல. கதவு மூடாத அறை பாதுகாப்பாக இருத்தல் கூடும். மதிப்புடையதாக இருத்தல் கூடாது. நான்காவது, பிற நாட்டு எண்ணை அதன் வரலாறு அறியாது எடுத்தாளுதல் தீங்கு பயக்கும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்தமையால் உயிரிழக்கின்றனர் என்றும், அவருள் அறுபது கடந்தோரே மிகுதி என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. விழுதலுக்கு அஞ்சி நீர் அருந்துதலைக் குறைப்போரும், கழிப்பறை இராது என அஞ்சிப் பயணத்தையே விடுப்போரும் எக்கணக்கிலும் வருவதில்லை. திருமணத்திற்குப் போகாத பாட்டியின் காரணத்தை எவரும் வினவுவதில்லை. வினவினும் அவர் கூறுவதில்லை. அங்கே இடக்கரடக்கல் தன் எல்லையைக் கடந்து விடுகின்றது.

அவையல் கிளவியை அவையின்கண் மறைத்தல் நாகரிகம். அவ்வறையினை வகுக்கும் கட்டடக் கலைஞரிடத்தும், அதற்குப் பொருள் ஒதுக்கும் மன்றத்திடத்தும், விதி வகுக்கும் அறிஞரிடத்தும் மறைத்தல் நாகரிகமாகாது. சொல்லை அடக்கிய நம் முன்னோர் பொருளை அடக்குமாறு கூறிற்றிலர். முதியோர் ஒருவர் பிறர் கைநோக்காது உள்சென்று, கதவை மூடி, அஞ்சாது அமர்ந்து, தாமே எழுந்து வெளிவருதல் சிறு செயலே. அச்சிறு செயல் இனிது முடிதற்கு எத்தனை அளவைகள் சரியாக அமைதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.